ஐந்தாவது கூடை

சூரியன் போய் முப்பத்திரண்டு நாளாகிறது.
ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திரும்பும்.
ஹாமர்ஃபெஸ்ட்டில் இதை யாரும் துக்கமாகச் சொல்வதில்லை.
பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொல்வோம்.

டோர்கெய்ர் பனி வாரும் வண்டியோடு போய்விட்டான்.
சாப்பாட்டு மேசையை என்னால் இனி நெருங்க முடியாது,
எனக்கும் அதற்கும் நடுவில்
முப்பத்தாறு வாரம் உட்கார்ந்திருக்கிறது.
எனவே தரையில் கடை விரித்தோம்:
சிவப்புத் தாள், வெள்ளைத் தாள்,
முனை மழுங்கிய கத்தரிக்கோல் இரண்டு,
மூடி தொலைந்த பசைக்குப்பி,
மரத்தில் தொங்கப்போகும் இதயக் கூடைகளுக்காக
ஒரு கிண்ணம் உலர்திராட்சை
(பாதி ஏற்கெனவே எம்ப்லாவுக்குள்).

மடிக்கணும். வளைத்து வெட்டணும். மூன்று கீறல்.
பிறகு பின்னல்:
ஒரு பட்டை மற்றதன் உள்ளே போகணும்,
அடுத்தது இதன் உள்ளே.
"உள்ளேன்னா எங்கே?" என்கிறான் சிக்வே.
ஐந்து வயது. நாக்கு நுனி வெளியே.
நான் வயிற்றைக் காட்டவில்லை.
இந்த வருடம் இந்த வீட்டில்
எதைக் கேட்டாலும் வயிற்றைக் காட்டிவிடுகிறோம்,
அவனுக்கு அலுத்துவிட்டது.

நான் நான்கு பின்னி முடித்தேன்.
எம்ப்லா பின்னுவதில்லை. ஒட்டுகிறாள்.
தாளைத் தாளோடு, தாளைத் தரையோடு,
பிறகு என் சட்டையைத் தூக்கித்
தொப்புளுக்கு மேலே ஒரு வெள்ளி நட்சத்திரத்தை.
பசை சில்லிட்டது. உள்ளே இருப்பவர்
முழங்கையோ குதிகாலோ கொண்டு
ஒரு முறை தள்ளிப் பார்த்தார்.
"பிடிக்கலையாம்" என்றாள்.

கண் சொருகியது.
ஐந்து நிமிடம். சத்தியமாக ஐந்தே நிமிடம்.
விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே
ஒரு கலைமான் எங்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வீட்டில் சந்தேகப்படும்படி அமைதி.

சிக்வே முடித்திருந்தான்.
உள்ளங்கை அளவு. சரியான பின்னல், திறக்கிற கூடை.
பாதி சிவப்பு.
பாதி பளபளப்பான கறுப்பு, நடுநடுவே சாம்பல்.
எங்கள் வீட்டில் அப்படித் தாள் கிடையாது.
ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.
காந்தம் மட்டும் இருந்தது.

கத்தினேன்.
அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை, கத்தினேன்.
கலைமான்கூட நகர்ந்தது.
எம்ப்லா வாயிலிருந்த திராட்சையைத் துப்பினாள்.
அவன் அழவில்லை. காது மட்டும் சிவந்தது.
"வெள்ளைத் தாளையெல்லாம் இவ ஒட்டிட்டா.
அதோட, இது பாப்பாவோட கூடை."
சற்றுப் பொறுத்து, தரையைப் பார்த்தபடி:
"வெட்டும்போது அதுக்கு வலிச்சிருக்குமா?"

கூடையை விளக்கருகே கொண்டுபோனேன்.
ஒரு கட்டத்தில் மூக்கு.
அடுத்த கட்டம் சிவப்பு.
அதற்கடுத்து முதுகெலும்பில் நான்கு மணி,
அறுந்த மாலையில் மிஞ்சியதுபோல.
ஓரத்தில் என் பெயரில் பாதி, தேதி முழுதாக.
மீதியெல்லாம் உள்ளே போயிருந்தது,
நான் சொல்லிக்கொடுத்தபடியே.

வலிக்காது, அது வெறும் படம் என்றேன்.
நம்பவில்லை. வயிற்றில் வாயைப் பதித்து
வெள்ளி நட்சத்திரத்திடம் ஏதோ சொன்னான்.
எனக்குச் சொன்னதல்ல, நான் கேட்கவில்லை.

நான்கு கூடைகளில் திராட்சை போட்டோம்.
எம்ப்லாவுக்கு இனிக் கிடையாது என்பது தீர்ப்பு.
தீர்ப்பு இரண்டு நிமிடம் நின்றது.
ஐந்தாவதில் எதுவும் வேண்டாம் என்றான்.
"அதுக்குப் பல்லில்லை."

கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை
மருத்துவச்சி குன்வோர் அளவுநாடாவை எடுத்தாள்.
சட்டையைத் தூக்கினேன்.
எம்ப்லா தினமும் புதிதாக ஒட்டுகிறாள்;
நட்சத்திரத்தைப் பிடுங்காமல்
அதற்கு மேலேயே அளந்தாள்.
"தலை கீழே வந்துட்டது. முதல் படம் எடுத்தது
நேத்துப்போல இருக்கு. பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"மரத்தில் தொங்குது," என்றேன்.

நல்லது என்று சொல்லிவிட்டு
வாரத்தையும் சென்டிமீட்டரையும் குறித்துக்கொண்டாள்.